எது சூது? யார் சொல்வது?

வீடியோ விளையாட்டுக்குள் 'லூட் பாக்ஸ்' என்று ஒரு சரக்கு விற்கிறது. கொள்ளைப் பெட்டி எனலாம். காசு கொடுத்து மூடிய பெட்டியை வாங்க வேண்டும். உள்ளே இருப்பது திறந்த பிறகே தெரியும். கிடைச்சா அதிர்ஷ்டம், இல்லேன்னா இன்னொண்ணு வாங்கு. இது சூதா, விளையாட்டா என்ற கேள்விக்கு மூன்று நாடுகள் மூன்று விடைகளைச் சொல்லியுள்ளன. பெட்டி ஒன்றேதான். அதற்குப் பெயரிடும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதே இங்கு நம் அக்கறை.

முதலில் ஜப்பான். அங்கு 'கொம்பு காச்சா' என்றொரு முறை இருந்தது. குருட்டாம்போக்கில் விழும் அட்டைகளில் குறிப்பிட்ட தொகுதியைச் சேர்த்துவிட்டால் அரிய பொருள் ஒன்று கிடைக்கும். பத்து அட்டைகளுக்கும் சம வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், தொகுதியை முடிக்கச் சராசரியாக 29 முறை இழுக்க வேண்டும். கடைசி அட்டைக்கு மட்டுமே 10 முறை. 'இன்னும் ஒண்ணுதானே' என்ற நினைப்புதான் இங்கே மூலதனம். 2012 மே மாதம் நுகர்வோர் விவகார முகமை இதைச் சட்டவிரோதம் என்றது. ஜூலை 1 முதல் தடை. ஆனால் கையிலெடுத்தது சூதாட்டச் சட்டத்தை அல்ல. இலவசப் பரிசுகளைக் கட்டுப்படுத்தும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை. ஆகவே தொகுதி சேர்ப்பது மட்டும் போயிற்று. ஒற்றை இழுப்பு அப்படியே நின்றது, வளர்ந்தது.

அடுத்து பெல்ஜியம். அதன் 1999ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டத்தை நான்கு கூறுகளால் வரையறுக்கிறது: விளையாட்டு, பணயம், வெற்றி அல்லது இழப்பு, தற்செயல். பரிசைக் காசாக்க முடியுமா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. 2018 ஏப்ரலில் அதன் ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச் முதலியவற்றின் பெட்டிகள் சூதாட்டமே என அறிவித்தது. 2019 ஜனவரி இறுதியில் ஈ.ஏ. நிறுவனம் ஃபிஃபா புள்ளி விற்பனையை அங்கு நிறுத்தியது.

அதே ஏப்ரலில் பக்கத்து நெதர்லாந்தும் பத்து விளையாட்டுகளைப் பரிசோதித்தது. பரிசை வெளியே விற்க முடிந்த நான்கில் சட்டமீறல் என்றது. ஈ.ஏ.வுக்கு 1 கோடி யூரோ அபராதம். 2022 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது: பொட்டலம் தனி விளையாட்டு அல்ல, பெரியதொரு திறன் விளையாட்டின் பகுதி என்பது வாதம். இடையில், 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதே நிறுவனம் இந்தப் பெட்டிகளை 'வியப்பூட்டும் பொறிமுறை' என்று வர்ணித்தது. பெயரை மாத்திட்டா குற்றமும் மாறிடுது!

தடைபோடும் அரசை அறத்தின் காவலராகப் பார்க்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் அரசு லாட்டரிக்கு 1726லிருந்து வரலாறு உண்டு. பெல்ஜியத்துக்கும் தேசிய லாட்டரி உண்டு. ஜப்பானில் உள்ளாட்சி அரசுகளே சீட்டு விற்கின்றன. தற்செயலை விற்கும் உரிமம் யாரிடம் என்பதுதான் தகராறு. அரசு தன் வருமானத்தைக் காக்கிறது, நிறுவனம் தன்னுடையதை.

அப்படியானால் தடையே வீண் என்று ஒதுங்கிவிடலாமா? 2022இல் நடந்த ஓர் ஆய்வு, பெல்ஜியத்தில் அதிக வருவாய் ஈட்டிய 100 ஐபோன் விளையாட்டுகளில் 82இல் இந்தப் பெட்டிகளைக் கண்டது. தடை ஏட்டில் இருக்கிறது, கடை திறந்தே இருக்கிறது. இதை வைத்துத் தடை தவறு என்போர், அமல்படுத்தாத குற்றத்தைச் சட்டத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

நெதர்லாந்தில் நடந்த விவாதம் முழுக்க, வென்றவனுக்குக் கிடைத்ததன் மதிப்பையும் அது எந்த ஆட்டத்தின் பகுதி என்பதையும் சுற்றியே ஓடியது. தோற்றவன் கையிலிருந்து போனது எவ்வளவு, அவன் வயதென்ன, எத்தனை முறை போனது என்ற கணக்கு நிறுவனத்தின் கணினியில் பைசா சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. வரையறையை அங்கிருந்து தொடங்கினால் என்ன? அந்தப் பதிவுகளைப் பொதுவில் வைக்கச் சொல்வதுதான் நாம் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை.