சீருடைக்கு முன் நிற்கும் அளவுகோல்: தமிழகக் காவல் பணித் தொடக்கநிலைத் தேர்வுகளில் தகுதி வரையறையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

காவல் பணித் தேர்வை யார் எழுதலாம் என்பதைத் தகுதி விதிகள் முன்னரே முடிவு செய்துவிடுகின்றன. 1859 முதல் அண்மைக்காலம் வரை சென்னை மாகாணத்திலும் தமிழ்நாட்டிலும் அவ்விதிகள் மாறிவந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. காவலருக்கு உடல், அதிகாரிக்கு எழுத்து என்று குடியேற்றக் காலத்தில் வகுக்கப்பட்ட பிரிவினை, பணியின் இயல்பு மாறிய பின்னரும் விதிகளில் தங்கியிருப்பதை இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காவல்துறை, தகுதி விதி, ஃபிரேசர் ஆணையம், உடற்கூறு அளத்தல், திருநர், மொழித் தகுதி

முன்னுரை

அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வினாத்தாளையும் இடஒதுக்கீட்டையும் சுற்றியே அமைகின்றன. தேர்வுக்கூடத்திற்கு வெளியே நிறுத்தப்படுவோர் அவ்விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். வயது, கல்வி, உயரம், மார்பளவு, பாலினம், மொழி ஆகியவற்றை வரையறுக்கும் விதிகள் அலுவலக நடைமுறைகளாகத் தோன்றினாலும், காவலர் என்பவர் யார் என்று அரசு கொண்டுள்ள கருத்தையே அவை வெளிப்படுத்துகின்றன. ஆகவே, அவ்விதிகளின் வரலாறு அரசின் கற்பனையின் வரலாறும் ஆகும்.

வருவாய்ச் சேவகரிலிருந்து காவலர் வரை

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதிப்படி, சென்னை மாகாணத்தில் தாசில்தாரே தம் வட்டத்தின் காவல் தலைவராகவும் விளங்கினார். வரி தண்டிய சேவகர்களே குற்றவாளிகளையும் பிடித்தனர். அவர்களுக்கெனத் தனித்த தகுதி எதுவும் தேவைப்படவில்லை. இவ்விணைப்பின் கொடுமையை 1855இல் அறிக்கை அளித்த சித்திரவதை விசாரணை ஆணையம் வெளிப்படுத்தியது. வரி பெறவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் குடிமக்கள் துன்புறுத்தப்பட்டமை அதில் பதிவாயிற்று. அதனைத் தொடர்ந்து 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையினின்று பிரித்துத் தனி அமைப்பாக்கியது. காவலர் என்னும் தனித்த பணியாளர் உருவானபோதுதான், அப்பணிக்கு உரியவர் யார் என்னும் கேள்வியும் எழுந்தது.

உடலும் எழுத்தும்: 1902–03

இக்கேள்விக்கு நெடுங்காலம் நிலைத்த விடையைத் தந்தது, ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் 1902–03இல் செயற்பட்ட இந்தியக் காவல் ஆணையம். காவல்துறை திறமையற்றதாகவும், ஊழலும் ஒடுக்குமுறையும் மிக்கதாக மக்களால் கருதப்படுவதாகவும் அவ்வாணையம் மதிப்பிட்டது. அதன் தீர்வு, படிநிலைகளைக் கூர்மையாகப் பிரிப்பதாக அமைந்தது. ரோந்து, பாதுகாப்பு, கைதிகளுக்கு வழித்துணை போன்ற இயந்திரத் தன்மையான கடமைகளே காவலருக்கு உரியவை; புலனாய்வு, கல்வி பெற்று நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் சார்பு ஆய்வாளருக்கு உரியது. கீழ்நிலையிலிருந்து அந்நிலைக்கு உயர்வது விதிவிலக்காகவே இருக்கவேண்டும் என்பது ஆணையத்தின் கருத்து.

இதன்வழி, ஒரே துறைக்குள் இருவகைத் தகுதிகள் நிலைபெற்றன. அதிகாரியிடம் எழுத்து எதிர்பார்க்கப்பட்டது. காவலரிடம் உடல் எதிர்பார்க்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் மேலே இனம் என்னும் தகுதி நின்றது. 1893 முதல் இலண்டனில் நடைபெற்ற உதவிக் கண்காணிப்பாளர் தேர்வு 1920 வரை இந்தியருக்குத் திறக்கப்படவில்லை.

அளவுகோலின் பன்மை

விடுதலைக்குப்பின் கதவுகள் படிப்படியாகத் திறந்தன. 1973இல் ஒரு சார்பு ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் எனப் பெண்கள் தமிழகக் காவல்துறையில் சேர்க்கப்பட்டனர். 1991இல் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் அமைந்து, தெரிவுமுறை மாநில அளவில் ஒருமைப்பட்டது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது.

குழுமத்தின் அண்மைக்கால அறிவிப்புகளின்படி, இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. குறைந்தபட்ச உயரம், ஆண்களில் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 170 செ.மீ.; பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. பெண்களுக்கு அவை முறையே 159, 157 செ.மீ. ஆண்களின் மார்பளவு 81 செ.மீ. இருத்தல் வேண்டும், மூச்சை உள்ளிழுக்கையில் அது 5 செ.மீ. விரிதல் வேண்டும். ஆண்கள் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடிக் கடக்கவேண்டும்.

ஒரே பணிப்பெயர், ஒரே சட்டம். உயரம் மட்டும் நான்கு. 157 செ.மீ. உயரமுடைய ஒருவர் அப்பணியை ஆற்றவல்லவர் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. அவ்வாறாயின், 169 செ.மீ. உயரமுடைய பிறிதொருவர் எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றாலும் விலக்கப்படுவதற்குப் பணியின் தேவை காரணமாகாது. வெவ்வேறு மக்கட்பிரிவினரின் உடலமைப்பைப் பற்றிய மதிப்பீடே இவ்வெண்களின் அடிப்படை. தளர்வுகள் விலக்கப்பட்டோருக்கு வழி திறந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், அவை அளவுகோலை அகற்றாமல் பலவாக்கின.

புதிதாகத் தேர்வாகும் காவலர்கள் முதலில் ஆயுதப்படையிலும் சிறப்புக் காவல் படையிலும் பணியாற்றுவதால் உடல்வலிமை இன்றியமையாதது எனலாம். இவ்வாதம் வலுவுடையதே. ஆனால், ஓட்டமும் கயிறேறுதலும் அவ்வலிமையை நேரடியாகவே சோதிக்கின்றன. உயரம் அதனைச் சோதிப்பதில்லை.

விண்ணப்பப் படிவமும் நீதிமன்றமும்

தகுதி விதியின் மறைந்த ஆற்றலைப் பிரித்திகா யாஷினியின் வழக்கு வெளிக்கொணர்ந்தது. சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்னும் இரு பிரிவுகளே இருந்தன. எந்த வினாவுக்கும் விடையளிக்கும் முன்னரே அவர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நீதிமன்ற ஆணைகளின் வழியாகவே அவர் தேர்வின் கட்டங்களைக் கடந்தார். 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு நொடி பிந்தியமை தடையாக நின்றபோது, சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததுடன், இனிவரும் தேர்வுகளில் திருநரையும் ஒரு பிரிவாகச் சேர்க்குமாறு பணித்தது. 2017இல் அவர் தருமபுரியில் பணியேற்றார். 2014இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தேசியச் சட்டப் பணிகள் ஆணையத் தீர்ப்பு திருநரின் உரிமையை அறிவித்தது. அவ்வுரிமை விண்ணப்பப் படிவத்தை எட்டுவதற்கு மற்றொரு வழக்கு தேவைப்பட்டது.

மொழி என்னும் தகுதி

2021 டிசம்பரில் வெளியான அரசாணை, மாநிலப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காடு மதிப்பெண்ணைத் தகுதியாக்கியது. தமிழக இளைஞர்க்கு வேலைவாய்ப்பை உறுதிசெய்தலே அதன் வெளிப்படையான நோக்கம். ஆயினும் காவல் பணியைப் பொறுத்தவரை அது பணியின் இயல்போடும் பொருந்துகிறது. புகார் சொல்ல வருபவரின் சொற்களைச் சிதையாமல் கேட்டு எழுதும் திறன் அங்கு முதன்மையானது. இவ்வகையில், உயர விதியினும் மொழி விதி பணிக்கு நெருக்கமானது.

முடிவுரை

தகுதி விதிகளில் நிகழ்ந்த பெரும் மாற்றங்கள் பலவும் தெரிவு அலுவலகத்திற்கு வெளியிலிருந்தே வந்துள்ளன. சித்திரவதை பற்றிய அறிக்கையும், ஆணையமும், அரசின் கொள்கை முடிவும், நீதிமன்றத் தீர்ப்பும் அவற்றுக்குக் காரணங்களாயின. ஆனால், ஃபிரேசர் ஆணையம் காவலருக்கு விதித்த எல்லை நடைமுறையில் நிலைக்கவில்லை. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்பவர் பணிமூப்பால் தலைமைக் காவலராகவும் சிறப்புச் சார்பு ஆய்வாளராகவும் உயர்கிறார். கையாக மட்டும் இருக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருநாள் எழுதுபவராகவும் விசாரிப்பவராகவும் ஆகிறார். எனவே, ஒவ்வொரு தகுதி விதியும் எந்தப் பணிக்காக வகுக்கப்பட்டது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. பாலினம் குறித்த விதி நீதிமன்றத்தில் அவ்வினாவை எதிர்கொண்டது. உயரம் குறித்த விதியும் அதனை எதிர்கொள்ளவேண்டும்.