பணவீக்கமும் மூலதன ஆதாய வரியும்: 2024 திருத்தத்தின் மீது ஒரு விமரிசனம்

2024 ஜூலை 23 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கை, மனை, வீடு, தங்கம் போன்ற சொத்துகளின் நீண்டகால மூலதன ஆதாயத்தின் மீதான வரி விகிதத்தை 20 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைத்தது. அதே கையோடு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் இன்டெக்சேஷன் முறையையும் நீக்கியது. விகிதம் குறைவதால் வரி செலுத்துவோருக்கு நட்டமில்லை, கணக்கு எளிதாகும் என்பது அரசின் வாதம். இந்தத் திருத்தம் விகிதத்தை மட்டும் மாற்றவில்லை, வரி விதிக்கத்தக்க ஆதாயம் எது என்ற அடிப்படையையே மாற்றிவிட்டது என்பதும், அந்த மாற்றம் மெதுவாக விலையேறும் சொத்தை வைத்திருப்பவரையே தண்டிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவில் இந்த வரி முதலில் வந்தது 1947இல், லியாகத் அலி கானின் நிதிநிலை அறிக்கை வழியாக. 1949இல் கைவிடப்பட்டது. பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டரின் பரிந்துரைக்குப் பின், டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1956இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இதற்கிடையே, சொத்து விற்ற லாபத்தை வருமானம் என்று கொள்ளலாமா என்ற கேள்வி நவின்சந்திர மஃபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வருமானம் என்பதற்கு விரிந்த பொருளே கொள்ள வேண்டும் என்று 1954இல் நீதிமன்றம் வரியை உறுதிசெய்தது. அத்தீர்ப்பு, லாபத்துக்கு வரி போடும் அதிகாரத்தை நிலைநாட்டியது. லாபமே இல்லாத இடத்தில் ரூபாயின் மதிப்புச் சரிவை லாபமாகக் காட்டுவது சரியா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சட்டம் நெடுங்காலம் மறைமுகமாகப் பதில் சொல்லிவந்தது. மிகப் பழைய சொத்துகளுக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக ஒரு குறிப்பிட்ட நாளின் சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். அந்த நாள் முதலில் 1954 ஜனவரி 1. பிறகு 1964, 1974, 1981 என்று நகர்ந்து, 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் 2001 ஏப்ரல் 1 ஆனது. அந்த நாளுக்கு முந்தைய விலையேற்றத்தை விட்டுவிடு என்பதே ஒவ்வொரு நகர்வின் பொருளும். இதைச் சலுகை என்று சொல்வது தவறு. காகிதத்தில் மட்டும் பெருகிய தொகையை வரி வலையிலிருந்து விலக்கும் கரடுமுரடான வழி அது.

ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழுவைத் தொடர்ந்து 1992இல் வந்த இன்டெக்சேஷன், அதே நியாயத்தை முறைப்படுத்தியது. அதற்கு முன் ஆதாயத்திலிருந்து ஒரு நிலையான கழிவு கிடைத்தது. சில ஆண்டுகள் வைத்திருந்தாலும் இருபது ஆண்டு வைத்திருந்தாலும் அது ஒன்றே. புதிய முறை காலத்தைக் கணக்கில் எடுத்தது. அப்போதும் அது தாராளமானதல்ல: நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் சராசரி உயர்வில் 75 விழுக்காடு மட்டுமே இன்டெக்சேஷனுக்குப் பயன்படும் குறியீட்டில் ஏறியது. 2024இல் பறிக்கப்பட்டது இந்த முக்கால் பங்கு நிவாரணம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2014-15இல் 40 லட்சத்துக்கு ஒருவர் மனை வாங்கினார் என்று கொள்வோம். அந்த ஆண்டின் குறியீடு 240. 2024-25இன் குறியீடு 363. எனவே சரிக்கட்டிய அடக்க விலை 60.5 லட்சம். மனை 70 லட்சத்துக்கு விற்றால் பழைய முறையில் ஆதாயம் 9.5 லட்சம், வரி 1.9 லட்சம். புதிய முறையில் ஆதாயம் 30 லட்சம், வரி 3.75 லட்சம், ஏறத்தாழ இருமடங்கு. அதே மனை 1.5 கோடிக்குப் போனால் நிலைமை தலைகீழ்: பழைய வரி 17.9 லட்சம், புதிய வரி 13.75 லட்சம். 60 லட்சத்துக்குத்தான் விலைபோகிறது என்றால்? பழைய கணக்கில் அரை லட்சம் நட்டம், வரி இல்லை. புதிய கணக்கில் 2.5 லட்சம் வரி. (சர்சார்ஜும் செஸ்ஸும் இதில் சேரவில்லை.) இரு முறைகளும் சமமாவது சுமார் 94.7 லட்சத்தில், அதாவது மனை ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு வளர்ந்திருக்க வேண்டும். புறநகரில் சாலையும் தொழிற்பேட்டையும் வந்த இடத்தில் மனை வைத்திருந்தவருக்கு இது எளிது. அவருக்கு வரி குறைகிறது. தேங்கிய ஊரில் வீடு வைத்திருந்தவருக்குக் கூடுகிறது.

மனை, வீடுகளின் ஆதாயம் பொதுவாக ஆண்டுக்கு 12 முதல் 16 விழுக்காடு என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. சராசரியைக் காட்டித் தனிமனிதரின் வரியை நியாயப்படுத்த முடியாது. எல்லாருக்கும் அந்த வளர்ச்சி கிடைத்திருந்தால், எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே, ஆகஸ்டில், அரசு பின்வாங்கியிருக்கத் தேவையே இல்லை. ஆகஸ்டில் செய்த திருத்தத்தின்படி, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இரு முறைகளில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். ஆனால் இந்த உரிமை இங்கே வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைத்து ஊரில் ஒரு வீடு வாங்கிய, இன்னும் வெளிநாட்டிலேயே வசிக்கும் தமிழருக்கு இல்லை. தங்க நகைக்கும் இல்லை. அந்த நாளுக்குப் பின் வாங்கிய எந்தச் சொத்துக்கும் இல்லை.

வங்கி வட்டிக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாதே, சொத்துக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்விதான். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன்பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இன்டெக்சேஷன் நீக்கப்பட்டதன் பின்னும் இந்தத் தர்க்கமே இருந்தது. ஆனால் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி; வீட்டு விற்பனையிலோ இருபது ஆண்டுப் பணவீக்கம் ஒரே நாளில் வருமானமாகக் கணக்கேறுகிறது. தவிர, ஓரிடத்து அநீதியை எல்லாருக்கும் பொதுவாக்குவது சமத்துவம் ஆகாது.

பங்குகளின் கதை இதனோடு ஒப்பிடத்தக்கது. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 2004இல் பங்குப் பரிவர்த்தனை வரி வந்தது. அதற்கு ஈடாக நீண்டகால ஆதாயம் விலக்குப் பெற்றது. 2018இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 10 விழுக்காடு வரி திரும்பியது. பரிவர்த்தனை வரியோ போகவில்லை. ஆனாலும் அப்போது 2018 ஜனவரி 31 வரையிலான விலையேற்றம் பாதுகாக்கப்பட்டது. இப்போது விகிதம் 12.5, விலக்கு வரம்பு 1.25 லட்சம். பங்குக்குப் புதிய வரி போட்டபோது கடந்த காலத்தை மதித்த சட்டம், வீட்டுக்கும் நகைக்கும் அந்த மரியாதையைத் தானாக முன்வந்து தரவில்லை.

எளிமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இன்டெக்சேஷன் குறியீடு ஆண்டுக்கொரு முறை அரசிதழில் வரும் ஒற்றை எண். ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இந்தப் பிழையைத் திருத்தக் கிடைத்த வாய்ப்பு, அதைப் பயன்படுத்தவில்லை. தேர்வுரிமையை எல்லா நீண்டகாலச் சொத்துக்கும், எங்கு வசிப்பவருக்கும் விரிவாக்க வேண்டும். அது இயலாதென்றால், 2001இல் நிற்கும் அடிப்படை நாளையாவது நகர்த்தி, இனி பத்தாண்டுக்கு ஒருமுறை நகர்த்துவதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். நாடாளுமன்றம் இதை அடுத்த நிதி மசோதாவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.