பால்வெட்டும் மழைக்கணக்கும்: வட சிலாங்கூர்த் தோட்ட நினைவுகளைக் காலநிலைச் சான்றாக வாசித்தல்

மலேசியாவின் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் மழையைப் பற்றிப் பேசும்போது, முன்பு மழைக்கு ஒரு நேரம் இருந்தது, இப்போது அது கெட்டுவிட்டது என்பது அடிக்கடி காதில் விழும் கருத்து. இதைப் புவி வெப்பமாதலுக்கு நேரடிச் சான்றாகக் கொள்வோர் உண்டு. பழமை ஏக்கம் என்று தள்ளுவோரும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் நினைவை ஓர் அளவைக் கருவியாகக் கொண்டு, அது எந்த நேரத்தில் எதை அளந்தது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அக்கேள்விக்கு விடை கண்ட பிறகே அந்நினைவு எதற்குச் சான்றாகும் என்று முடிவு செய்ய இயலும்.

இவ்வட்டாரத்து மழை பெரிதும் இரண்டு வழிகளில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணைப் பகுதியில் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, விடியலை ஒட்டிக் கரையேறும். பலத்த காற்றோடு வரும் இதற்குச் ‘சுமத்ரா’ என்றே பெயர். பருவங்கள் மாறும் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மேலோங்குவது வேறொரு மழை. பகலில் நிலம் சூடேற, கடற்காற்று உள்ளே புகுந்து குவிய, தித்திவங்சா மலைத்தொடர்ப் பக்கம் மேகம் எழும்பிப் பிற்பகலில் கொட்டும். முன்னது கடலிலிருந்து வரும் காலை மழை. பின்னது நிலத்தில் உருவாகும் மாலை மழை. வெப்பமாதல் இரண்டையும் ஒரே விதமாக மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பால்மர (ரப்பர்) தோட்டத்தில் இவ்விரண்டும் சமமாகக் கவனிக்கப்படவில்லை. மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே இருள் பிரியுமுன் பிரட்டு (ஆள்கணக்கெடுப்பு), அதன்பின் வெட்டு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரத்தில் பரவும். பால் ஏந்தும் மங்கில் மழைநீர் சேர்ந்தால் பால் வீணாகும். விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே பெய்த மழை அன்றைய வருமானத்தைத் தொட்டது. பாலை நிறுத்துக் கொடுத்த பின் பெய்த மழைக்கு அந்த விலை இல்லை. எனவே வெட்டுத் தொழிலாளியின் நினைவு சுமத்ராவைக் கூர்மையாகவும் மாலை மழையை மங்கலாகவும் பதிந்த கருவி.

பயிர் மாறியபோது கருவியும் மாறியது. 1917இல் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஹென்றி ஃபோக்கோனியே இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். ஆனால் பால்மரத்தைச் செம்பனை பெருமளவில் அகற்றியது 1960களுக்குப் பிறகே. காலை மழை செம்பனைக் குலை அறுவடையைத் தாமதப்படுத்தும். பால்வெட்டைப் போல அன்றைய விளைச்சலையே அழிப்பதில்லை. செம்பனையை வாட்டுவது வறட்சி. அதன் விளைவும் பல மாதங்கள் கழித்தே குலைகளின் எண்ணிக்கையில் தெரியும். 2015–16 எல் நினோவை அடுத்து, மலேசியக் கச்சாப் பனையெண்ணெய் உற்பத்தி 2015இல் இருந்த ஏறத்தாழ 2 கோடி டன்னிலிருந்து 2016இல் 1.73 கோடி டன்னாகச் சரிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் சாலையை மூழ்கடிக்கும் மாலை மழையே முதன்மை பெற்றது. வானிலை நிலையம் ஒன்றை இடம் மாற்றினால் முன்பின் தரவுகளைச் சீர்செய்யாமல் ஒப்பிடுவதில்லை. மழையின் நேரம் கெட்டது என்ற கூற்றுக்கும் அந்த விதி பொருந்தும்: மாறியது மழையா, அதைக் கவனித்தவரின் வேலை நேரமா என்று பிரித்தறிய வேண்டும்.

அறிவியல் தரப்பும் இத்தகைய தரவுச் சிக்கலுக்கு வெளியே இல்லை. காலநிலை ஆய்வாளர் பீட்டர் ஸ்டாட் குழுவினர் 2004இல், மனிதச் செயல்கள் 2003ஆம் ஆண்டு ஐரோப்பிய வெப்ப அலை போன்ற நிகழ்வின் வாய்ப்பைக் குறைந்தது இரு மடங்காக்கியிருக்கக் கூடும் எனக் காட்டினர். அதுமுதல் ‘வெப்பமாதல் இதைச் செய்ததா?’ என்ற கேள்வி ‘இதன் வாய்ப்பை எவ்வளவு கூட்டியது?’ என்றானது. வெப்ப அலைக்கு இம்முறை தெளிவாக விடை தரும். வெப்பமண்டல இடிமழைக்கு அவ்வளவு எளிதில் தருவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையில் உருவான செனியார் புயல் சுமத்ரா தீவைச் சிதைத்த பின் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு வந்தது. அதை ஆராய்ந்த உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு, அளவீடுகளின்படி நீரிணைப் பகுதியின் ஐந்து நாள் கனமழை 9 முதல் 50 விழுக்காடு வரை வலுத்துள்ளது என மதிப்பிட்டது. ஆனால் கணினி மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் மனிதப் பங்கை எண்ணாகச் சொல்லவில்லை.

இந்த இடைவெளியை ஐயவாதத்துக்கு ஆதரவாக வாசிப்பது தவறு. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அது இயற்பியல், அதில் தகராறு இல்லை. தகராறு, ஓர் ஊரின் குறிப்பிட்ட மழையில் அதன் பங்கு எவ்வளவு என்பதில்தான். 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் சூழ்ந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்புகைக்குச் சுமத்ரா தீவில் எரிந்த நெருப்பைச் சுட்டிக்காட்ட முடிந்தது. மழைவெள்ளத்துக்கு அப்படி ஒற்றைக் காரணத்தைச் சுட்ட இயலாது. வடிகால் வெட்டப்பட்டுத் தாழ்ந்துபோன கரிமண் நிலம், வீடமைப்பாக மாறிய தோட்டம், ஆற்றுநீரை எதிர்த்து ஏறும் கடலேற்றம் ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். மொத்தப் பழியையும் வானத்தின் மேல் போட்டால், நிலத்தைப் பற்றி முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஆகவே தேவைப்படுவது உள்ளூர்ச் சான்று. தோட்ட அலுவலகங்கள் பலவற்றில் மழைமானி இருந்தது. ஒவ்வொரு காலையும் அளவு பதியப்பட்டது. நாளொன்றுக்கு ஓர் அளவு மட்டுமே கொண்ட அப்பதிவில், முந்தைய நாள் மாலை இடிமழையும் அன்று விடியற்காலைச் சுமத்ராவும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். மழையின் நேரம் மாறியதா என்ற கேள்விக்கு மானி மட்டும் விடை தராது. ஆனால் அதே அலுவலகத்தில் கிராணி (கணக்கர்) எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, எந்த நாளில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், எவ்வளவு பால் நிறுத்தனர் என்பதைக் காட்டும். மழை பதிவாகி, பால் வராத நாள் பெரும்பாலும் காலை மழை நாள். மழை பதிவாகி, பால் வழக்கம்போல் வந்த நாள் மாலை மழை நாள். மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களையும் வேலைநிறுத்த நாள்களையும் நீக்கிவிட்டு இரண்டு ஏடுகளையும் இணைத்தால், பால்மரக் காலத்துக்கேனும் மழையின் நேரத்தை மீட்டெடுக்கலாம். அதன் மேல் முதியோர் வாய்மொழியை வைத்துச் சரிபார்க்கலாம்.

தோட்டம் கைமாறும்போது நில ஆவணங்கள் பத்திரமாகக் கைமாறுகின்றன. கூலிக் கணக்குக்கு வாங்குவோரிடம் மதிப்பில்லை. மழையேட்டையும் செக்ரோலையும் ஒரே தொகுப்பாக ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பதை நில மாற்ற ஒப்புதலின் நிபந்தனையாக்க வேண்டும். காலநிலை ஆய்வாளர் கேட்கும் நீண்டகாலத் தரவு, தோட்டத் தமிழரின் கூலி வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.