திப்பு இறங்கின கணவாய், யானை இறங்குற கணவாய்

சத்தியமங்கலம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு பண்ணாரி அம்மன் கோயிலும் திம்பம் மலைப்பாதையோட 27 கொண்டை ஊசி வளைவும் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் வயசானவங்க வீரப்பன் பேரைச் சொல்லுவாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி, 1790-ல, இந்த ஆத்தங்கரையில ஒரு பெரிய சண்டை நடந்துச்சுங்க. எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கே அது தெரியறதில்லை. அதனால எழுதறேன்.

சண்டையைச் சொல்றதுக்கு முன்னால நிலத்தைச் சொல்லணும். மேக்க நீலகிரி, வடக்க தாளவாடி, தலமலை மேட்டுநிலம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஆழமா வெட்டிவிட்ட மாதிரி ஓடுது மோயாறு. தெக்கால பவானி. ரெண்டும் தணாயக்கன் கோட்டை பக்கம் ஒண்ணு சேர்ந்து சத்தியமங்கலம் வழியா கிழக்க போகுது. மேக்க இருந்து வர்ற மழையை நீலகிரி மறிச்சுக்கறதால மோயாற்றுப் பள்ளத்தாக்கு வறண்ட பூமி. உசிலை, வேலா மாதிரி முள்ளுக்காடுதான் அதிகம். ஆத்தோரம் மட்டும் நீர்மருது பெருசா நிக்கும். கோடையில காடே காஞ்சு கெடந்தாலும் ஆத்துல தண்ணி இருக்கும்.

அந்தப் பள்ளத்தாக்குல இருந்து மைசூர் மேட்டுக்கு ஏறுற வழிதான் கஜலட்டிக் கணவாய். திம்பம் ரோடு வர்றதுக்கு முன்னால கோயமுத்தூருக்கும் மைசூருக்கும் முக்கியமான பாதை அது. படை நடத்துறவனுக்கு என்ன வேணும்? தண்ணி வேணும், மாட்டுக்கும் குதிரைக்கும் மேய்ச்சல் வேணும், ஏறி இறங்க வழி வேணும். மூணும் அங்க இருந்துச்சு. ஹொய்சள அரசுல இருந்த மாதவ தண்டநாயக்கர் பேரால தணாயக்கன் கோட்டை அந்த எடத்துல எழும்புனதும் சும்மா இல்லைங்க. அங்க உக்காந்தா கணவாய்க்குக் காவல்.

மூணாம் மைசூர் போர் வந்தப்ப ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் கரூர், தாராபுரம், கோயமுத்தூர், ஈரோடுன்னு ஒவ்வொரு கோட்டையா பிடிச்சார். கஜலட்டி வழியா மைசூருக்குள்ள ஏறணும்ங்கறது அவர் திட்டம். அதுக்காக கர்னல் ஃப்ளாய்டை சத்தியமங்கலத்துல நிறுத்தினார். திப்பு காத்திருக்கலை. அந்தப் படை ஏறுறதுக்கு முன்னால, 1790 செப்டம்பர்ல, அவரே பெரிய படையோட அதே கணவாயில இறங்கிட்டார்.

செப்டம்பர் 13-ந் தேதி பவானிக் கரையில மோதல். காலையில ஃப்ளாய்டோட குதிரைப்படைக்குக் கை ஓங்கியிருந்துச்சு. அப்புறம் மைசூர் பீரங்கிகள் நாள் முழுக்க அவங்களை அடிச்சுது. ராத்திரி கூடிப் பேசி, விடியறதுக்குள்ள கிளம்பிடறதுன்னு முடிவு பண்ணினாங்க. ஆனா பீரங்கி இழுக்கற மாடுங்க குண்டடி பட்டு செத்துக் கெடந்துச்சு. இழுக்க மாடில்லாம சில பீரங்கிகளை அப்படியே விட்டுட்டுத்தான் போனாங்க. மறுநாள் சேயூர் பக்கம் திப்பு துரத்திப் பிடிச்சார். அங்க நடந்த சண்டையில அவரோட மச்சினன் புர்ஹானுதீன் செத்துப்போனார். ஃப்ளாய்டு தப்பிச்சு மெடோஸோட போய்ச் சேர்ந்தார். கஜலட்டி வழியா மைசூர் ஏறுற திட்டம் அதோட முடிஞ்சுது. திப்பு 1799-ல சீரங்கப்பட்டணத்துல சாகுற வரைக்கும் எங்க பக்கம் மைசூர் ஆட்சிதான்.

இதைப் படிக்கறப்ப எனக்கு ராஜாவை விட அந்த மாடுகதான் கண்ணுல நிக்குது. ஒரு படை வந்தா ஆயிரக்கணக்குல மாடு கூட வரும். அதுக்குத் தீனி வேணும். செப்டம்பர்ங்கறது எங்களுக்கு ஆவணி, புரட்டாசி. வெள்ளாமை காட்டுல நிக்கற காலம். ரெண்டு பக்கத்துப் படையும் ஒரே காட்டுலதான் மேய்ஞ்சிருக்கும். ராஜாக்களோட வெற்றி தோல்வியை எழுதி வச்சாங்க. யாரோட சோளக்காடு அழிஞ்சுதுன்னு எவரும் எழுதலை. குடியானவன் எனக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியம்.

ரெண்டாம் உலகப்போர் சமயம் பர்மா அரிசி நின்னுபோயி நாடே பஞ்சத்துல தவிச்சுது. அதுக்கப்புறம் உணவு உற்பத்தியைப் பெருக்கணும்னு எல்லா எடத்துலயும் பேச்சு. 1948-ல கீழ்பவானித் திட்டம் ஆரம்பிச்சு 1955-ல பவானிசாகர் அணை முடிஞ்சுது. ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். எங்க மூணு ஏக்கர்ல மஞ்சளும் மல்லியும் நிக்கறது அந்தத் தண்ணியாலதான். ஆனா தணாயக்கன் கோட்டை அந்தத் தண்ணிக்குள்ள போச்சு. அணை நல்லா வத்தின வருசங்கள்ல மாதவராயப் பெருமாள் கோயில் வெளிய தெரியும், சனங்க கூட்டமா போய்ப் பார்ப்பாங்க. அதே காலத்துல மோயாற்றுக்குள்ள தெங்குமரஹடாவுல கூட்டுறவுப் பண்ணைக்குன்னு சனங்களைக் குடியேத்தி காட்டைத் திருத்தி வெள்ளாமை பண்ண வச்சாங்க. இன்னிக்கு அந்தக் காடு புலிகள் காப்பகம். அந்தச் சனங்களை வெளிய எடுக்கணும்னு பேச்சு நடக்குது. கூட்டிட்டு வந்ததும் அரசாங்கம்தான், போகச் சொல்றதும் அரசாங்கம்தான்.

இப்ப அந்தக் கணவாயில படை வர்றதில்லை, யானைதான் வருது. படை எதுக்காக வந்துச்சோ யானையும் அதுக்காகத்தான் வருது: தண்ணி, மேய்ச்சல், ஏறி இறங்க வழி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேர்ற எடம் இது. யானைக்கு வேற வழி கெடையாது. அது வாழையில இறங்குனா ஒரே ராத்திரியில ஒரு வருசப் பாடு போயிரும், வயிறு எரியும். அதுக்காக நேரா கரண்டைக் கம்பியில விடறவங்களும் இருக்காங்க. அது சட்டப்படி குத்தம், மனுசனையும் கொல்லும். நஷ்ட ஈட்டைக் காலத்துல கொடுத்தாலே பாதிப் பேர் அந்த யோசனைக்குப் போகமாட்டாங்க.

மோயாற்றுல பாறுக் கழுகும் இருக்குங்க. மாட்டுக்குப் போடற டைக்ளோஃபினாக் ஊசிதான் அதுகளுக்கு எமன். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்னா கழுகோட சிறுநீரகம் கெட்டுப்போயிரும். 2006-ல மாட்டுக்கு அதைத் தடை பண்ணிட்டாங்க. எங்க மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா மெலாக்சிகாம் எழுதுங்கன்னு டாக்டர்கிட்ட நான் கேட்டு வாங்கறேன். பட்டியில மாடு வச்சிருக்கறவன் ஒவ்வொருத்தனும் இதைக் கேக்கலாம், செலவு ஒண்ணும் பெருசா ஆகாது.

திம்பம் ஏறுறவங்க இருந்தா, வளைவுல வண்டியை நிறுத்தி குரங்குக்குத் தீனி போடாதீங்க. மேல போயி மேக்க பாருங்க. தெரியற அந்தப் பள்ளம்தான் நான் சொன்னது.