குட்வுட் ரிவைவல்

குட்வுட் ரிவைவல்: இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், சிச்செஸ்டர் நகருக்கு அருகே ஆண்டுதோறும் செப்டம்பரில் மூன்று நாட்கள் நடைபெறும் பழம்பெரும் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திருவிழா.

களம்: இரண்டாம் உலகப் போர்க்கால வெஸ்ட்ஹாம்ப்நெட் விமானத் தளத்தின் சுற்றுச்சாலையே பந்தயத் தடமானது, நீளம் சுமார் 3.8 கி.மீ. ஒன்பதாம் ரிச்மண்ட் டியூக் 1948 செப்டம்பர் 18 அன்று இதைத் திறந்துவைத்தார். 1962இல் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸின் பந்தய வாழ்வை முடித்துவைத்த விபத்து இங்குதான் நிகழ்ந்தது. 1966இல் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. டியூக்கின் பேரன் சார்லஸ் கோர்டன்-லெனாக்ஸ் 1998இல் தடத்தைப் புதுப்பித்து இத்திருவிழாவைத் தொடங்கினார்.

பந்தயங்கள்: 1948-66 காலத்தில் இங்கு ஓடிய வகை வண்டிகளே பெரும்பாலும் களமிறங்குகின்றன. விலைமதிப்பற்ற ஃபெராரி, ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின் கார்கள் காட்சிப் பொருளாக நிற்காமல் முழு வேகத்தில் போட்டியிடுவதே இதன் பெருமை. செடான் கார்களுக்கான செயின்ட் மேரிஸ் கோப்பை புகழ்பெற்றது.

பார்வையாளர்: ஆர்வலர்கள் குழுவாக, 1948-66 காலத்து உடையணிந்து வருவது மரபு. வண்டிகள் ஆயத்தமாகும் பேடக் பகுதியில் எஞ்சின்களை அருகிலிருந்து பார்க்கலாம். 1966க்கு முந்தைய சொந்தக் காரில் வருவோருக்குத் தனி நிறுத்துமிடம் உண்டு. அதுவே ஒரு கண்காட்சியாகத் திகழ்கிறது.