மலையகத்தில் மதுசாலையும் கூத்துக் களமும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

நாடகசாலைகள் நெருங்கியுள்ள நகரப் பகுதிகளில், திரை விழுந்த பின்னர் நடிகரும் இரசிகரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, பருகியும் பேசியும் அன்றைய நாடகத்தின் குணதோஷங்களை ஆராய்ந்தும் பொழுது போக்கும் பழைய மதுசாலைகள் நிலைபெறுவது மேல்நாட்டுச் சரித்திரத்தில் நன்கறியப்பட்ட செய்தியாகும். லண்டன் மாநகரில் பதினாறாம் நூற்றாண்டிலேயே சத்திரங்களின் முற்றங்களில் நாடகங்கள் நடிக்கப்பெற்றன. 1843ஆம் ஆண்டின் நாடகசாலைச் சட்டத்திற்குப் பின்னர், முழு நாடகம் நடிக்கும் அரங்குகள் ஒரு வழியிலும், மது அருந்தியவாறே பாட்டும் விகடமும் கேட்டு மகிழும் இசைக்கூடங்கள் மற்றொரு வழியிலுமாக வளர்ந்தன. எனினும் அரங்கும் மதுசாலையும் அந்நகரில் அடுத்தடுத்த வாசல்களாகவே இன்றளவும் இருந்து வருகின்றன.

அதே ஆங்கில சமூகத்தார் இலங்கையின் மத்திய மலைநாட்டிற் குடியேறித் தம் மதுசாலையை நுவரெலியாவிலும் திக்கோயாவிலும் ஸ்தாபித்தனர். அவர்களுடைய தோட்டங்களில் உழைக்க வந்த தமிழ் மக்கள் தம் கூத்தை லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளின் முன்னே ஆடினர். ஒரே மலையில், ஒரே காலத்தில் வளர்ந்த இவ்விரண்டும் அயலவராக ஒருபோதும் பழகாதது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலையகத்தில் மதுசாலை அதிகாரத்தின் விருப்பத்தாலும் அரசாங்க வருமானத்தின் தேவையாலும் வளர்ந்தது. கூத்துக் களமோ எவருடைய பொருளுதவியும் இன்றி உழைப்பாளி மக்கள் தாமே சமைத்துக் கொண்டது. இவ்வேற்றுமையை உணராமல் மலையகத்தின் பொழுதுபோக்குச் சரித்திரத்தை எழுதுதல் இயலாது என்பது என் துணிபு.

குளிர்மலையில் துரைமாரின் மதுசாலை

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1828ஆம் ஆண்டில் நுவரெலியாவில் தமக்கென ஒரு மாளிகை எழுப்பிய காலந்தொட்டே, அவ்வூர் சமவெளியின் வெப்பந் தாளாத ஆங்கிலேயருக்கு ஆரோக்கிய ஸ்தலமாயிற்று. அம்மாளிகையே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1848ஆம் ஆண்டில் அங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்தின் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்து வைக்கக் கருதியவர்போல, கால்நடைகளையும் கருமானையும் பிறவற்றையும் தம்முடன் கொண்டு வந்தார். அவருடைய குடும்பத்தார் அக்குளிர்ந்த சுவாத்தியத்தில் சிறு அளவில் பியர் வடித்தும் பார்த்தனர். 1855ஆம் ஆண்டில் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். ஆயினும் அம்முயற்சி முற்றாக மறையவில்லை. மலையருவியின் தெளிந்த நீரையும் குளிரையும் துணையாகக் கொண்டு, 1881ஆம் ஆண்டில் வர்த்தக முறையிலமைந்த வடிசாலையொன்று அவ்வூரிலே தோன்றியது. பின்னாளில் லயன் என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்ட அத்தொழில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் நுவரெலியாவில் நடைபெற்று, 1990களின் இறுதியில் பியகமைக்கு இடம் பெயர்ந்தது.

இதற்கிடையே தோட்டத் துரைமாரின் சங்கங்கள் எழுந்தன. திக்கோயாப் பள்ளத்தாக்கிலே டரவெல கிளப் 1868ஆம் ஆண்டிலும், நுவரெலியாவிலே ஹில் கிளப் 1876ஆம் ஆண்டிலும் ஸ்தாபிக்கப்பட்டன. கோப்பியை அழித்த நோய் 1869ஆம் ஆண்டிலே தலைகாட்டியது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. இரயில்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. இம்மாறுதல்களின் நடுவே, மைல் கணக்கான தனிமையில் வாழ்ந்த துரைமார் வாரத்துக்கொரு முறை தம்மினத்தாரைக் கண்டு பேசவும், பந்தாடவும், பருகவும் உரிய இடமாக இச்சங்கங்கள் விளங்கின. சாம்பல் நிறக் கல்லாலான கட்டடம், சுவரில் மாட்டிய மான் தலைகள், எரியும் கணப்பு, ஆடவர்க்கே உரிய பிரத்தியேக மதுக்கூடம், மாலை ஏழு மணிக்குமேல் கோட்டும் டையும் அணிந்தாலன்றிப் பிரவேசம் இல்லை என்னும் நியமம் ஆகிய சம்பிரதாயங்களை ஹில் கிளப் நெடுங்காலம் பேணிவந்தது. 1960களின் பிற்பகுதி வரையில் இந்நாட்டவர்க்கு அதில் அங்கத்துவம் கிடையாது. கோப்பை ஏந்திச் சென்ற பணியாளர் இம்மண்ணினரே; அமர்ந்து பருகும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை. இன்று தற்காலிக அங்கத்துவக் கட்டணஞ் செலுத்தும் எந்த யாத்திரிகரும் அங்கே சென்று அமரலாம். பழைய மதுசாலையொன்றைத் தரிசிக்க விரும்புவோர்க்கு மலைநாட்டில் அதுவே முதன்மையான இடமாக உள்ளது.

சாராயக் குத்தகையும் தவறணையும்

துரைமாரின் மதுக்கூடம் அவர்களுடைய விருப்பத்தால் எழுந்ததென்றால், தொழிலாளரின் தவறணை என்னும் மதுக்கடையோ திறைசேரியின் தேவையால் எழுந்தது. ஒல்லாந்தர் காலந்தொட்டு வழங்கிவந்த குத்தகை முறையை ஆங்கில அரசாங்கமும் கைக்கொண்டு, சாராயத்தைச் சில்லறையாக விற்கும் உரிமையைப் பிரதேசவாரியாக ஏலத்தில் விட்டது. 1844ஆம் ஆண்டின் பத்தாம் இலக்கச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. தென்மேற்குக் கரையோரத்துத் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் முதலில் மாட்டுவண்டிகளிலும் பின்னர் இரயிலிலும் மலையேறியது. இக்குத்தகைகளை எடுத்த கரையோரத்துச் செல்வர் சிலர் பெரும் தனவந்தராயினர்; மத்திய மாகாணக் குத்தகைகளாற் பொருள் குவித்துப் பின் தோட்டச் சொந்தக்காரரும் ஆன மொரட்டுவை ஜெரோனிஸ் த சொய்சாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குத்தகையாளருக்கு இலாபம் வேண்டுமாயின், கூலி பெறும் ஜனங்கள் திரளாக உள்ள இடத்துக்கு அருகே தவறணை இருத்தல் வேண்டும். ஆதலின் தோட்ட எல்லைகளிலும் கடைவீதிகளின் முனைகளிலும் அவை முளைத்தன. சம்பளம் போட்ட மறுநாள் பிரட்டு எனப்படும் காலை ஆட்கணக்குக்கு ஆள் குறைகின்றதென்று துரைமார் முறையிட்டனர். எனினும் அட்டை கடிக்கும் குளிரிலும் மழையிலும் நனைந்து வரும் உழைப்பாளியின் அயர்வை ஆற்ற வேறெந்த ஏற்பாட்டையும் அவர்கள் செய்தாரில்லை. கங்காணியிடம் பட்ட கடன், கடைக்காரனிடம் வைத்த பற்று, தவறணையிற் கொடுத்த காசு ஆகிய மூன்று வாய்க்கால்களின் வழியாக அற்பக் கூலி வீடு வந்து சேருமுன்னரே வற்றிப் போயிற்று. அவ்வற்றலின் பாரத்தைச் சுமந்தவள், கொழுந்துக் கூடையையும் குழந்தையையும் ஒருங்கே சுமந்த பெண்ணே ஆவாள்.

1912ஆம் ஆண்டின் எட்டாம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையைத் திருத்தி, மதுவரித் திணைக்களம் என்னும் புதிய நிர்வாகத்தை ஏற்படுத்தியது. கள்ளுத் தவறணையைச் சாராயத் தவறணையினின்றும் பிரித்து நாடெங்கும் புதிய கள்ளுக் கடைகளைத் திறக்க அது வகை செய்தமையால், 1904ஆம் ஆண்டிலே தொடங்கியிருந்த மதுவிலக்கு இயக்கம் புத்துயிர் பெற்றுப் பெருங்கிளர்ச்சியாக வளர்ந்தது. ஆயினும் அவ்வியக்கத்தின் குரல் பெரும்பாலும் கரையோரத்திலும் சிங்களக் கிராமங்களிலுமே ஒலித்தது. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், தோட்டத் தொழிலாளரை நேரிற் கண்டு குடியை விட்டொழிக்குமாறு வேண்டிக்கொண்டதே அம்மக்கள் தம் முன்னோரின் நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியாரின் வாயால் அவ்வுபதேசத்தைக் கேட்ட முக்கியமான சந்தர்ப்பமாகும்.

காமன் பொட்டல்

இனி, தவறணைக்கு அப்பால் அம்மக்கள் கூடிய மற்றோரிடத்தை நோக்குவோம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோர் தம்முடன் கொணர்ந்த செல்வம் நெஞ்சிற் பதிந்திருந்த பாட்டும் ஆட்டமுமே. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் மூன்றும் மலையகத்தின் பிரதான கூத்துக்களாக நிலைபெற்றன. லயத்து முற்றமும் மாரியம்மன் கோவில் முன்றிலும் இவற்றின் அரங்கங்கள். காமன் கூத்துக்கெனத் தனியே வழங்கும் நிலமோ காமன் பொட்டல் எனப்படும்.

மாசி மாதத்து அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறையளவிற் கம்பம் ஊன்றப்பட்டதும் காமன் கூத்துத் தொடங்குகின்றது. காப்புக் கட்டிக்கொண்டோர் விரதம் பூணுவர்; மதுவும் மாமிசமும் அவர்க்கு விலக்கு. இரவுதோறும் தப்பு முழங்க, கூத்து மாஸ்டர் முன்னின்று பாட, ரதியும் மன்மதனும் திருமணக் கோலத்தில் லயம் லயமாக வலம் வருவர். இந்திரனுடைய தூது, சிவனது தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன், தீய கனாக் கண்டு அவனைத் தடுக்கும் ரதி, வீரபத்திரனின் ஆவேசம், யமனின் வருகை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்து, பௌர்ணமியளவிற் காமதகனத்தில் முடியும். பின்னர் ரதியின் புலம்பலும், மூன்றாம் நாள் மன்மதன் உயிர்பெற்றெழுதலும் உண்டு. அருச்சுனன் தபசிலோ, வேடம் புனைந்தவன் உயர்ந்த தபசு மரத்தில் ஏறி விடியுமளவும் பாடுவான். பகலெல்லாம் மலைச்சரிவில் மண்வெட்டியோடு நின்றவனே இரவில் அருச்சுனன் ஆனான். பெயரேட்டில் ஓர் இலக்கமாக எழுதப்பட்டவனே தேவர்கோனுக்கு மறுமொழி உரைத்தான்.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷங்கள் இரண்டு. முதலாவது, கூத்து விரதத்தோடு பிணைக்கப்பட்டமையால், கூத்துக் காலம் தவறணையிலிருந்து விலகி நிற்கும் காலமாக விதிக்கப்பட்டமை. அவ்விதி எல்லாரிடத்தும் முற்றாகக் காக்கப்பட்டதெனல் மிகையாயினும், ஊர் ஏற்றுக்கொண்ட இலட்சியம் அதுவே. இரண்டாவது, பெண்களின் நிலை. தவறணை ஆடவரின் இடம். கூத்திலும் ரதி வேடத்தை ஆடவரே புனைந்தனர். ஆயினும் கூத்தைக் காண, பாயும் கம்பளியும் சுமந்து, குழந்தைகளுடன் குடும்பத்துப் பெண்கள் அனைவரும் வந்தமர்ந்தனர். ரதியின் ஒப்பாரியைக் கேட்டுத் தம் துயரையும் சேர்த்தழுதனர். குடும்பம் முழுவதையும் ஒருங்கே அமர்த்தியது கூத்துக் களமே. தவறணை அக்குடும்பத்தைப் பிரித்தது. லண்டன் நகரத்து அரங்கும் மதுசாலையும்போல இவ்விரண்டும் அயலவராகாமைக்குக் காரணம் இதனாற் புலனாகும். அங்கே இரண்டையும் நடத்தியவர் வணிகர், இரண்டிற்கும் வந்தவர் காசு கொடுத்து நுழைந்தவர். இங்கே ஒன்று காசுக்கு விற்கும் கடை, மற்றொன்று நேர்த்திக்கடன்.

புதிய நாடகமும் பிற்காலமும்

இருபதாம் நூற்றாண்டின் அரசியல் விழிப்பு கூத்துக் கலைக்கு ஒரு புதிய கிளையைத் தந்தது. தஞ்சையிலிருந்து வந்து பத்திரிகையாளராகவும் சட்டசபை அங்கத்தவராகவும் விளங்கிய கோ. நடேசய்யர், 1931ஆம் ஆண்டில் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தொழிலாளரின் இன்னல்களைப் பொருளாகக் கொண்டு ‘அந்தரப் பிழைப்பு நாடகம்’ என்னும் நூலை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் தாமே பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். ரதி வேடத்தையும் ஆடவரே புனைந்த ஒரு சமூகத்தில், பொதுமேடையில் ஒரு பெண்ணின் குரல் ஒலித்தமை சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தது. மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1980களில் அந்தனி ஜீவா வீதி நாடகத்தைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றார்.

ஆனால் இக்காலத்திலேயே கூத்துக் களத்தைப் பேரிடர்கள் தாக்கின. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகுத்தது. குடும்பங்கள் பிரிந்தன, பாட்டறிந்த பெரியோரும் வேடங்கட்டப் பழகிய இளைஞரும் வெவ்வேறு கரைகளில் நின்றனர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியிருந்த கூட்டுவாழ்வையும் குலைத்தன. மதுசாலைக்கோ இத்தகைய இடர் எதுவும் நேரவில்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றபோதும், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மதுக்கடைகள் நிலைத்தே நின்றன. கடைச் சாராயத்தின் விலை எட்டாதோரைக் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் பற்றிக்கொண்டது. 1979ஆம் ஆண்டின் அறிவித்தலொன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் நீக்கப்பட்ட அத்தடை சில நாட்களிலேயே மீண்டும் விதிக்கப்பட்டது. ஆடவர் குடியினால் அல்லலுறும் பெண்களின் குறையோ அத்தடை இருந்தபோதும் தீரவில்லை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் தெளிவாவன இவை. மலையகத்து மதுசாலை இரு வகையினது: ஒன்று ஆள்வோர் தமக்கென அமைத்துப் பிறரை விலக்கியது, மற்றொன்று ஆளப்படுவோருக்கென அமைத்து அவர்தம் கூலியைத் திரும்பப் பெற்றது. இவ்விரண்டிற்கும் புறத்தே, விலக்கப்பட்டோரும் வறியோரும் தம் இரவுகளைத் தாமே ஆண்ட இடமாகக் கூத்துக் களம் விளங்கியது. ஹில் கிளப்பின் சுவர்களும் மான் தலைகளும் தேசத்தின் பழமை என்று பேணப்படுகின்றன, அது தவறன்று. ஆனால் அதே பழமையுடைய காமன் பொட்டல்களுக்கு வேலியுமில்லை, பெயர்ப்பலகையுமில்லை.

இம்மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். அந்நினைவு நடைப்பயணத்தோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு தோட்டத்திலும் கூத்து நிகழும் நிலத்தைப் பொதுச் சொத்தாக அளந்து ஒதுக்குமாறு தோட்டக் கம்பனிகளையும், முதிய கூத்து மாஸ்டர்களின் பாடல்களைப் பதிவு செய்யுமாறு நம் பல்கலைக்கழகங்களையும், தம் பிள்ளைகளை மாசி இரவுகளில் அக்களத்துக்கு அழைத்துச் செல்லுமாறு மலையகத்துப் பெற்றோரையும் வேண்டுகின்றேன்.