மஞ்சளுக்குச் சாட்சி சொன்ன காகிதங்கள்

முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் நம் வீடுகளில் முதலில் கை போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தான். மஞ்சள் தூளை எடுத்து அப்பிவிட்டு, "ஒண்ணும் ஆகாது, போ" என்று அனுப்பிவிடுவார்கள். இதையே புதிய கண்டுபிடிப்பு என்று சொல்லி அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள் என்றால் நம்புவீர்களா? வாங்கினார்கள்!

1995 மார்ச் மாதம் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 5,401,504 என்ற எண்ணில் அந்தக் காப்புரிமை கிடைத்தது. மஞ்சள் தூளைக் காயத்தில் தடவியோ உள்ளுக்குக் கொடுத்தோ ஆற்றும் முறைக்கான உரிமை அது. விண்ணப்பித்த இரு ஆராய்ச்சியாளர்களும் இந்திய வம்சாவளியினர் என்பது கூடுதல் செய்தி. 'மஞ்சளையே அமெரிக்கா சொந்தமாக்கிக்கொண்டது' என்று சிலர் இன்றும் சொல்வதுண்டு. அது தவறு. ஈரோட்டு விவசாயியை யாரும் தடுத்திருக்க முடியாது. காயத்துக்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறை மட்டும், அதுவும் அமெரிக்காவுக்குள் மட்டும், அவர்களுடையதாகியிருந்தது.

சரி, கோடிக்கணக்கான பேருக்குத் தெரிந்த விஷயம் எப்படிப் புதியதாகும்? அங்கேதான் சட்டம் இருக்கிறது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு விஷயம் அமெரிக்காவுக்குள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் அது புதியதல்ல. ஆனால் வெளிநாட்டில் புழக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அச்சில் வந்திருக்க வேண்டும். நூறு கோடிப் பேர் எழுந்து நின்று "எங்க பாட்டி சொன்னாங்க" என்றாலும் அது சாட்சி ஆகாது. (2013 மார்ச்சில் அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் இந்த 'அமெரிக்காவுக்குள்' என்ற எல்லை நீங்கியது.)

1996ல் இந்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர் மறுபரிசீலனை கேட்டு மனு போட்டது. அப்போது அதன் தலைமை இயக்குநர் ஆர்.ஏ.மாஷேல்கர். காகிதத்தைத் தேடி அலைந்ததில் 32 சான்றுகள் சிக்கின. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள். சில நூறு ஆண்டுக்கும் மேல் பழையவை. கூடவே இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953ல் வந்த ஒரு கட்டுரை. 1997 ஆகஸ்டில் அமெரிக்க அலுவலகம் ஆறு உரிமைகோரல்களையும் நிராகரித்தது.

நம்மில் பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில்தான். அந்தத் தீர்ப்பு 'இது பழசு' என்று மட்டும்தான் சொன்னது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று சொல்லவில்லை. அது தனிக் கேள்வி. காயம் பட்டதும் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. அளவு மீறினால் அவை நம் திசுக்களையே அரித்து, ஆறுவதைத் தாமதப்படுத்தும். மஞ்சளில் உள்ள குர்குமின் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அவற்றை அடக்குகிறது. இதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். 1815லேயே பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. 1998ல் எலிகளிலும் கினிப் பன்றிகளிலும் செய்த சோதனையில் குர்குமின் கொடுக்கப்பட்டவற்றுக்குக் காயம் சீக்கிரம் மூடியது.

ஆனால் குர்குமின் தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் சிதைந்துபோகும், குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மனிதர்களிடம் முறையாகச் செய்த சோதனைகளில் அது இன்னும் தேறவில்லை என்று 2017ல் ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை கறாராகவே எழுதியது. ஆகவே ஆழமான காயத்துக்குச் சமையல் மஞ்சளை அப்பாதீர்கள் நண்பர்களே, டாக்டரிடம் போங்கள்!

மஞ்சள் வழக்குக்குப் பிறகு, 2001ல், மரபு அறிவுக்கான மின்னூலகம் ஒன்றை இந்தியா தொடங்கியது. ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் உள்ள மருந்துகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் மாற்றிக் காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதற்கும் அடிப்படை எழுத்துதான்.

நம் ஊர் வரப்புகளில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக ஒரு குட்டிப் பூ இருக்குமே, தாத்தா பூ என்று விளையாடுவோம். அதன் இலையைக் கசக்கி அரிவாள் வெட்டில் பிழிவார்கள். அதனால் வெட்டுக்காயப் பூண்டு என்று பெயர். அந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸுக்குப் பிறகுதான் இங்கே வந்திருக்க முடியும். அதற்கு முந்தைய ஓலைச்சுவடி எதிலும் அது இருக்க வழியில்லை. யாரோ ஒரு களை பறிக்கும் பெண்ணோ ஆடு மேய்ப்பவரோ முயன்று பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.